எதிர்க்கடையில் விக்கெட் விழுந்தாச்சு, நம் திரையில் இன்னும் பந்தே போடவில்லை

2024 ஜூன் 29, இரவு பதினொன்றரை மணி வாக்கில் எங்கள் தெருமுனையில் ஐம்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளையார் கோயில் மதிலில் ஒரு எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும். மட்டையோடு டேவிட் மில்லர். பந்து ஹர்திக் பாண்டியா கையில். எங்கள் வேட்டியில் அவர் இன்னும் ஓடி வரவே தொடங்கவில்லை.

அப்போது சாலைக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் ஓவென்று ஒரு கத்தல். யாரோ பெஞ்சைத் தட்டுகிறார்கள். "சூர்யா புடிச்சிட்டான்டா!" என்று ஒரு குரல் மட்டும் தனியாக வந்து எங்கள் நடுவில் விழுந்தது.

எங்களில் யாரும் எதுவும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒருவன் மட்டும், "மில்லர் போய்ட்டான் மாப்ள, கேபிள்ல காட்டிட்டானுங்க" என்று மெதுவாகச் சொன்னான். அதற்கப்புறம் இருபது, இருபத்தைந்து விநாடி கழித்துத்தான் பந்து பறந்தது. சூர்யகுமார் யாதவ் எல்லைக்கோட்டில் அதைப் பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடி பிடித்தார். பிடிப்பாரா மாட்டாரா என்று நாடே பதைத்துப் பார்த்த அந்தக் காட்சியை நாங்கள் ரீப்ளே பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

டீக்கடையில் இருந்தது பழைய கேபிள் டி.வி. எங்களிடம் இருந்தது ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓடிய இணைய நேரலை. இரண்டும் 'லைவ்'தான். பிறகு எப்படி ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது? அதே நேரலை ஏன் பாதியில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கிறது? நாலு பேர் சேர்ந்து பார்க்கும்போது மட்டும் ஏன் இதெல்லாம் அதிகமாக நடக்கிறது? தொழில்நுட்பம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

தூரம் காரணமில்லை

பார்படாஸ் எங்கோ இருக்கிறது, அங்கிருந்து வர நேரமாகாதா என்று அன்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான சந்தேகம். ஆனால் கணக்குப் போட்டால் அது உடைந்துவிடும். கண்ணாடியிழைக் கேபிளில் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடலடிக் கேபிள் எப்படிச் சுற்றி வளைத்து 20,000 கிலோமீட்டர் வந்தாலும் பத்தில் ஒரு விநாடிதான். செயற்கைக்கோள் வழியாக வந்தால் கொஞ்சம் கூடும். ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. ஏறி இறங்கக் கால் விநாடி.

இதைவிடப் பளிச்சென்று புரிய இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநர் என்பதால் தமிழ்நாட்டில் அன்று பள்ளிக்கூடம் முதல் சலூன் வரை எல்லா இடத்திலும் அதுதான் ஓடியது. நிலவு இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து ரேடியோ அலை பூமிக்கு வந்து சேர ஆன நேரம் வெறும் 1.3 விநாடி. இஸ்ரோவின் கட்டுப்பாட்டு அறை இருக்கும் பெங்களூரிலிருந்து நம் கையில் இருக்கும் ஃபோனுக்கு அதே படம் வந்து சேரப் பல விநாடிகள் ஆகும். நிலவிலிருந்து பெங்களூருக்கு வருவதைவிட பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வர அதிக நேரம்!

அப்படியென்றால் நேரம் வழியில் கரையவில்லை. யாரோ எங்கோ பிடித்து வைக்கிறார்கள். அதுவும் தெரிந்தே வைக்கிறார்கள்.

குடமும் தொட்டியும்

இணைய நேரலையில் படம் குழாய்த் தண்ணீர்போல ஒழுகி வருவதில்லை. குடம் குடமாக வருகிறது. மைதானத்திலிருந்து வரும் காட்சியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு தனிக் கோப்பாக்கி அனுப்புகிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். என்ற முறை இப்படித்தான் வேலை செய்கிறது. இன்று பெரும்பாலான நேரலைகள் அதிலோ அதன் சகோதர முறையான டேஷிலோதான் ஓடுகின்றன. தொடக்கத்தில் ஒரு துண்டுக்கு 10 விநாடி என்று ஆப்பிள் பரிந்துரைத்தது, பிற்பாடு அதை 6 ஆக்கியது.

குடம் நிறையாமல் தூக்க முடியாது, இல்லையா? ஆறு விநாடித் துண்டு என்றால், அந்த ஆறு விநாடியும் மைதானத்தில் நடந்து முடிந்தபிறகுதான் அந்தத் துண்டு முழுமையாகும். இது முதல் தாமதம்.

துண்டாக வெட்டுவானேன், நேராக ஊற்றிவிட்டால் என்ன? கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே இடத்திலிருந்து நேராக ஊற்ற முடியாது. கோப்பாக இருந்தால் அதைப் பிரதி எடுத்து ஊர் ஊராக வைத்துவிடலாம். ஆவின் பால் பண்ணையிலிருந்து வீட்டுக்கு வீடு குழாய் போடுவதில்லை. பாக்கெட்டில் அடைத்து பூத்துக்கு அனுப்புகிறார்கள், நாம் பக்கத்து பூத்தில் வாங்கிக்கொள்கிறோம். அதே ஏற்பாடுதான்.

அடுத்த தாமதம் உங்கள் ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. இதுதான் பெரியது. மாநகராட்சித் தண்ணீர் ஒரு நாள் வேகமாக வரும், ஒரு நாள் சொட்டும். அதை நம்பி நேரடியாகக் குளித்தால் சோப்பு போட்ட நேரத்தில் நின்றுவிடும். அதனால்தான் மொட்டை மாடியில் சின்டெக்ஸ் தொட்டி வைக்கிறோம். கீழே வரத்து ஏறி இறங்கினாலும் குளியலறையில் ஒரே சீராகக் கொட்டும். வீடியோ செயலியும் ஒரு தொட்டி வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் பஃபர். மூன்று துண்டுகள் கையில் சேர்ந்தபிறகுதான் படத்தை ஓட்டத் தொடங்குவது எச்.எல்.எஸ்.ஸில் வழக்கம். ஆறு மூன்று பதினெட்டு. படத்தைச் சுருக்கி அடைக்க ஆகும் சில விநாடிகளையும், பூத்துகளைத் தாண்டி வரும் நேரத்தையும் கூட்டினால் இருபத்தைந்து, முப்பது என்று போய் நிற்கும். அன்று எங்கள் வேட்டியில் மில்லர் அத்தனை நேரம் ஆயுள் நீட்டிப்பு வாங்கிய கதை இதுதான்.

படம் நின்று வட்டம் சுற்றுகிறதே, அதை நாம் 'பஃபர் ஆகுது' என்கிறோம். உண்மையில் தொட்டி வற்றிவிட்டது, மறுபடி நிரம்பக் காத்திருக்கிறது என்று பொருள். தொட்டி பெரிதாக இருந்தால் வற்றாது, ஆனால் எதிர்க்கடைக்காரன் முந்திவிடுவான். தொட்டியைச் சிறிதாக்கினால் அவனுக்குச் சமமாகப் பார்க்கலாம், ஆனால் நெட் ஒரு கணம் தடுமாறினாலும் வட்டம் சுற்றும். தாமதமும் சுற்றலும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

"அப்போ வாட்ஸ்அப் வீடியோ கால் மட்டும் எப்படி உடனுக்குடன் வருது?" என்று கேட்கத் தோன்றும். அதில் தொட்டி கிட்டத்தட்ட இல்லை. பேச்சில் அரை விநாடி பிந்தினாலே இருவரும் ஒரே சமயத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். அதனால் வந்தவரை போதும், வராத துண்டு போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். முகம் சதுரம் சதுரமாகச் சிதைவதும், குரல் ரோபோபோல ஆவதும் அந்த விட்டுக்கொடுப்பின் விலை. அம்மாவின் முகம் கொஞ்சம் சிதைந்தால் பரவாயில்லை. கடைசி ஓவரில் பந்து சிதைந்தால் யாராவது சும்மா விடுவார்களா?

குடத்தை டம்ளராக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2019-இல் ஆப்பிள் அறிவித்த தாமதம் குறைந்த முறையில், துண்டு முழுமையாகும்வரை காத்திராமல் அதன் சிறு சிறு பகுதிகளைத் தயாரானவுடன் அனுப்பலாம். தாமதம் சில விநாடிகளுக்கு இறங்கும். எல்லா நேரலையும் இன்னும் அந்த வழிக்கு வந்துவிடவில்லை.

கேபிள் ஏன் முந்துகிறது

கேபிளிலும் டி.டி.எச்.சிலும் நிஜமாகவே குழாய்தான். ஒரே சிக்னல் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பாய்கிறது. உங்களுக்கென்று தனித் துண்டு, தனித் தொட்டி கிடையாது. சுருக்குவது, ஏற்றுவது, இறக்குவது, விரிப்பது என்று அங்கேயும் சில விநாடி போகும். அவ்வளவுதான். இன்னொரு லட்சம் பேர் டி.வி.யைப் போட்டாலும் உங்கள் படம் மங்காது.

பழைய அனலாக் கேபிள் காலத்தில் அந்தச் சில விநாடியும் இன்னும் குறைவு. 2011 ஏப்ரல் 2, வான்கடேயில் தோனி அடித்த அந்த சிக்ஸர் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் அன்று அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே கேபிள்காரரின் லைன்தான். ஒரே நொடியில் தெரு முழுவதும் கத்தியது. இன்று ஒரு சிக்ஸர் தெருவுக்குள் தவணை முறையில் வருகிறது. முதலில் கேபிள் வீடு, அப்புறம் டிஷ் வீடு, அப்புறம் மாடி வீட்டு ஸ்மார்ட் டி.வி., கடைசியில் பஸ் ஸ்டாப்பில் ஃபோன் பார்ப்பவர். காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் யார் வீட்டில் என்ன இணைப்பு என்று சொல்லிவிடலாம்.

டிஷ்ஷுக்கு ஒரு பலவீனம் உண்டு, மழை. வீட்டுக் கூரையில் இருக்கும் சிறிய டிஷ் பிடிப்பது கே-யூ பேண்ட் அலை. அடைமழையில் நீர்த்துளிகள் அதை விழுங்கிவிடும். திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். கேபிள் நிறுவனங்கள் வைத்திருக்கும் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் சி-பேண்டில் வாங்குகின்றன. மழை அதை அவ்வளவாகத் தொடாது. அதனால்தான் மழையில் உங்கள் வீட்டில் படம் போனபிறகும் டீக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும், கரன்ட் இருக்கும்வரை.

சுற்றுவது எங்கே தொடங்குகிறது

நெட் வேகத்தை எம்.பி.பி.எஸ். என்ற அலகில் சொல்வார்கள். மருத்துவப் படிப்பு இல்லை, ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்ற கணக்கு. படம் எவ்வளவு தெளிவு என்பதை 480, 720, 1080 என்ற எண்களால் குறிப்பார்கள். 480 தரத்துக்குச் சுமார் 1 முதல் 1.5 வரை போதும். 720 என்றால் 3 வாக்கில். 1080-க்கு 5, 6 வேண்டும். ஒரே ஆட்டத்தை இந்த எல்லாத் தரத்திலும் தயாராக வைத்திருப்பார்கள். உங்கள் செயலி ஒவ்வொரு துண்டையும் இறக்கும்போது எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்யும். திடீரென்று படம் மங்கி, பந்து எங்கே என்று தெரியாமல் போய், கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று திரும்புகிறதே, பழுதென்று நினைத்துப் பலர் திட்டுவது அதைத்தான். உண்மையில் உங்கள் தொட்டி வற்றாமல் செயலி காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஹாட்ஸ்பாட்டில் ஆட்டம் பார்ப்பவர்கள் ஒரு தடவையாவது பேனா எடுத்துப் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 3 எம்.பி.பி.எஸ். என்றால் ஒரு மணி நேரத்துக்கு 10,800 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 1,350 மெகாபைட், அதாவது 1.35 ஜி.பி. நம்மில் பலருடைய ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 2 ஜி.பி. காலையில் பார்த்த ரீல்ஸ், மதியம் இறக்கிய கல்யாணப் படங்கள் எல்லாம் போக மீதியை வைத்து ஆட்டத்தைத் தொடங்கினால் முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் காலி. அப்புறம் நெட் நிற்பதில்லை, பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது 0.064 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 720 தரத்தில் ஒரு விநாடிப் படத்தை இறக்க 47 விநாடி ஆகும். சிக்னல் நாலு கோடும் நிறைந்து நிற்கும், நெட்டும் இருக்கிறதென்று காட்டும், வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

எங்களுக்கும் ஒரு லீக் ஆட்டத்தில் இதுவே நடந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டோம், செயலியை அழித்து மறுபடி ஏற்றினோம், ஃபோனை வேப்பமரக் கிளையில் கூடக் கட்டிப் பார்த்தோம். கடைசியில் எட்டாவது படிக்கும் ஒரு பையன், "அண்ணா, மெசேஜ் வந்திருக்கு பாருங்க, டேட்டா 100 சதவீதம் முடிஞ்சிருச்சாம்" என்றான்.

'5ஜி-யில் எல்லையே இல்லை' என்ற திட்டம் வைத்திருப்பவர்களும் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோன் நடுவில் சத்தமில்லாமல் 4ஜி-க்கு இறங்கினால் அந்த நேரம் செலவாவது அன்றைய 2 ஜி.பி.யிலிருந்து.

கூட்டம் சேர்ந்தால்

வீட்டில் நன்றாக ஓடும் அதே ஃபோன் கடற்கரையிலோ திருவிழா மைதானத்திலோ ஏன் திணறுகிறது? ஒரு செல்ஃபோன் கோபுரத்தின் மொத்தக் கொள்ளளவை அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சிக்னல் கோடு என்பது கோபுரத்தின் குரல் உங்களுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். உங்கள் பங்கு எவ்வளவு என்பதைக் காட்டாது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டோம், சாம்பார் வாளி வந்தபாடில்லை என்கிற நிலைமை. விக்கெட் விழுந்தவுடன் நூறு பேர் ஒரே நேரத்தில் ஸ்டேட்டஸ் போடப் படமெடுத்து ஏற்றும்போது அந்த இழுபறி இன்னும் கூடும்.

வைஃபையிலும் மனிதர்கள் குறுக்கே நிற்கிறார்கள், சொல்லப்போனால் உடம்பாலேயே நிற்கிறார்கள். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். மாலையில் காலித் திடலில் சோதித்தபோது அருமையாக வந்த வைஃபை, எட்டு மணிக்கு ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்தபிறகு தளர்வது இதனால்தான். ரவுட்டரைத் தரையில் வைக்காமல் ஆளுயரத்துக்கு மேலே தூக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். காசே செலவில்லாத வைத்தியம்.

சில நேரம் நம் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் நிற்கும். 2023 நவம்பர் 19-இல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை இந்தியாவில் ஒரே செயலியில் உச்சகட்டமாக ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். அத்தனை பேருக்குப் பரிமாறுவது லேசான வேலையில்லை. 2024 நவம்பரில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதிய குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியபோது 6.5 கோடி இணைப்புகள் சேர்ந்தன. படம் மங்குகிறது, நிற்கிறது என்று உலகமெங்கும் புகார். இப்படிப்பட்ட நேரத்தில் ரவுட்டரைத் தட்டிப் பயனில்லை. அது நம் தவறா அவர்கள் தவறா என்று அறிய, அதே ஃபோனில் வேறெந்த வீடியோவையாவது திறந்து பாருங்கள். அது ஓடினால் நம் நெட் நன்றாக இருக்கிறது. நிம்மதியாக ஒரு டீ சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம்.

ஃபோனிலிருந்து திரைக்கு

நாலு பேர் பார்க்க வேண்டுமென்றால் ஃபோன் திரை போதாது, பெரிய திரைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு வழி. பெயர் தெரியாமல் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். காஸ்ட் செய்வதென்றால், டி.வி.யே நேராக நெட்டிலிருந்து ஆட்டத்தை இறக்கிக்கொள்ளும், ஃபோன் வெறும் ரிமோட். மிரரிங் என்றால் ஃபோன் தன் திரையை அப்படியே படமெடுத்து டி.வி.க்கு அனுப்பும். ஃபோனுக்கு இரட்டை வேலை, சூடேறும், படம் வெட்டி வெட்டிப் போகும். ஃபோனில் வருவதெல்லாம் சுவரிலும் வரும். நண்பன் ஒருவனின் ஃபோனை மிரரிங்கில் போட்டிருந்தோம். கோலி மட்டையை ஓங்கிய நேரம், 'எங்க இருக்கீங்க, மாவு வாங்கினீங்களா இல்லையா' என்று வேட்டி முழுவதும் ஒரு செய்தி இறங்கியது. தெருவே படித்தது.

மிரரிங்கிலோ லேப்டாப்பைப் புரொஜெக்டரில் செருகியோ பார்க்கும்போது சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாகிவிட்டால், பதற வேண்டாம், எதுவும் உடையவில்லை. திருட்டுத்தனமாகப் பதிவு செய்துவிடக் கூடாதென்று படத்துக்குப் பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அந்தப் பூட்டுக்கான சாவி வைத்திருக்க வேண்டும். பழைய புரொஜெக்டரிடமோ மலிவான மாற்றுக் கேபிளிடமோ அது இருக்காது. புரொஜெக்டரிடம் சாவி இருந்தால், செயலி உள்ளேயே இருக்கும் ஸ்டிக் ஒன்றை அதன் எச்.டி.எம்.ஐ. துளையில் நேராகச் செருகினால் அநேகமாகச் சரியாகிவிடும். எச்.டி.எம்.ஐ. கேபிளும் நீளமாக நீளமாகச் சொதப்பும். பத்து மீட்டரைத் தாண்டினால் சாதாரணக் கேபிளை நான் நம்புவதில்லை.

புளூடூத் ஸ்பீக்கர் இன்னொரு வம்பு. ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்க அதற்குப் பத்தில் ஒன்று, இரண்டு விநாடி வேண்டும். பந்து மட்டையை விட்டுப் போனபிறகு டொக் என்று கேட்கும். சில கருவிகள் படத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துச் சரிக்கட்டும், பழைய புரொஜெக்டர் அதைச் செய்யாது. ஒயர் போட்டால் தீர்ந்தது.

நாங்கள் இப்போது செய்வது

யாருடைய ஃபோனில் ஹாட்ஸ்பாட் போடுகிறோமோ அவர் அன்று காலையிலிருந்து ரீல்ஸ் பார்க்கக் கூடாது. இது தெருவின் எழுதாத சட்டம். அந்த ஃபோன் சார்ஜரில், காற்றோட்டமான இடத்தில், தனியாக இருக்கும், சட்டைப் பையில் வேகாது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தரத்தைத் தானியங்கியிலிருந்து எடுத்து 720-இலோ, நெட் மோசமென்றால் 480-இலோ நிறுத்திவிடுவோம். வேட்டியில் விழும் படத்துக்கு 1080 எதற்கு?

படம் நின்றால் உடனே வெளியே போய்த் திரும்ப வருவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் தொட்டியில் சேர்ந்திருந்த கொஞ்சமும் கீழே கொட்டி, வெறுந்தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடி பொறுத்தால் பெரும்பாலும் தானே கிளம்பும். ஆனால் அப்படிக் கிளம்பும்போது நின்ற இடத்திலிருந்துதான் தொடரும், அதாவது நின்ற நேரமும் தாமதத்தோடு சேர்ந்துவிடும். நாலு தடவை நின்றிருந்தால் நீங்கள் ஒரு நிமிடம் பழைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓவர் இடைவேளையில் 'லைவ்' என்ற பொத்தானை அழுத்தினால் முன்னுக்கு வந்துவிடும். ஓவர் நடுவில் அழுத்தாதீர்கள். அனுபவித்துச் சொல்கிறேன்.

ஸ்கோர் சொல்லும் செயலிகளை மூடி வைக்கச் சொல்லிவிடுவோம். அதில் வருவது இரண்டு வரி எழுத்து, அதற்குத் தொட்டியும் இல்லை குடமும் இல்லை. வீடியோவைவிட எத்தனையோ விநாடி முன்னால் வந்து, "ஃபோர்" என்று எவனாவது வாய் விட்டால் போச்சு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மாமாக்களை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோனைக் கவிழ்த்து வைப்பதுதான் வழி. இன்னொன்று, தனிப்பட்ட சந்தா என்பது வீட்டுப் பயன்பாட்டுக்குத்தான். டிக்கெட் போட்டு வசூலித்துக் காட்டுவதாக இருந்தால் ஒளிபரப்பாளரிடம் தனி உரிமம் வேண்டும்.

அப்புறம் 2025 மார்ச் 9, துபாயில் நியூசிலாந்தோடு சாம்பியன்ஸ் டிராஃபி இறுதியாட்டம். இந்தத் தடவை நாங்கள் ஹாட்ஸ்பாட்டை நம்பவில்லை. கோயில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, அவர்கள் வீட்டு செட்டாப் பாக்ஸையே ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துப் புரொஜெக்டரில் மாட்டினோம். 49-வது ஓவரின் கடைசிப் பந்தில் ஜடேஜா நான்கு அடித்து முடித்தார். வேட்டி கழன்று விழுகிற அளவுக்குக் கத்தினோம்.

எதிர்ப்பக்கம் அமைதியாக இருந்தது. டீக்கடை அண்ணன் கேபிளை நிறுத்திவிட்டு, போன மாதம்தான் ஸ்மார்ட் டி.வி. வாங்கி நெட்டில் போட்டிருந்தார். கையில் வடிகட்டியோடு சாலை நடுவரை வந்து நின்று, "டேய், என்னடா ஆச்சு? ஜடேஜா அவுட்டா?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை.